மற்றதின் நேரம்

வீட்டுக் கணினியொன்றிலிருந்து வேண்டாத இரண்டாவது இயங்குதளத்தை அகற்றுவது எப்படி என்று, திருத்தும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கையிலிருக்கும் போனைக் கேட்டால் அது என்னைவிட அழகாகச் சொல்லும். ஒன்றை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். கணினி எழும்போது “எதைத் திறக்க?” என்று கேட்கும் அந்தப் பட்டியல், பெரும்பாலும் பின்னால் வந்த இரண்டாவது வைத்த பட்டியலாகத்தான் இருக்கும். அதைச் சரிசெய்யாமல் அவசரப்பட்டு அழித்தால், வீட்டுக்காரர் நம்பியிருக்கும் முதலாவதும் திறக்காது. கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு ஒன்று கண் சிமிட்டும். வீட்டுக்காரர் உங்களைப் பார்ப்பார், நீங்கள் சுவரைப் பார்ப்பீர்கள். இப்படி முழித்த பலரை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன், சிலர் இதை வாசிக்கவும் கூடும்.

ஆனால் எப்போது அழிக்காமல் இருப்பது என்பதைப் போன் சொல்லாது. அது எனக்கு லிங்கநகரில் ஒரு வீட்டில் ஒரு பின்னேரம் விளங்கியது. எதை விளங்கிக்கொண்டேன் என்று கேட்டால் முழுவதையும் சொல்ல என்னால் ஏலாது. சொல்லக்கூடியதைச் சொல்கிறேன்.

நான் குறிஞ்சாக்கேணிக்காரன். கிண்ணியாப் பாலத்தைக் கடந்து திருகோணமலை துறைமுகத்துக்குப் பக்கத்தில் கணினி பழுதுபார்க்கும் ஒரு சின்னத் திருத்தகம் வைத்து, கண்பார்வை மங்கும்வரை நடத்தினேன். பேய் பிசாசு என்ற கதைக்கெல்லாம் நான் சிரிக்கிற ஆள். சாத்திரம் கேட்பது எங்கள் மார்க்கத்தில் கூடவும் கூடாது. இதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், பிறகு என்னைப் பிழையாக எடுக்காதீர்கள்.

கரண்ட் நாளுக்கு இரண்டு மூன்று தடவை போய் வந்த அந்தக் காலம் உங்களுக்கும் மறந்திருக்காது. பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, வரிசை மட்டும் இருந்தது. அப்போதுதான் சோதிலிங்கம் ஐயா என்னை அழைத்தார். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டின் முன்னறையில் கணினியை வைத்துக்கொண்டு சாத்திரம் பார்ப்பார். அவருடைய முறை தனி. சாதகக் குறிப்பு வேண்டாம், பிறந்த நேரம் வேண்டாம். கேட்கிறவர் வாய் திறந்து கேட்கும் அந்த நேரத்துக்குக் கிரகங்கள் எங்கெங்கே நிற்கின்றன என்று பார்த்துப் பலன் சொல்வார். காணாமற்போன மாடு, காணாமற்போன நகை, காணாமற்போன ஆள் என்று மூதூர்ப் பக்கமிருந்தெல்லாம் தேடி வருவார்கள். கை நீட்டிக் காசு வாங்க மாட்டார். நல்ல மனிதர், கொஞ்சம் பயந்தவர்.

“தம்பி, என்ர கொம்பியூட்டர் தானா எழும்புது. நீங்கள் கெதியா ஒருக்கா வரவேணும்” என்றார் போனில்.

மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் இல்லாததால் சைக்கிளில் போனேன். போய்ச் சேர்ந்தபோது கரண்ட் இல்லை. முன்னறையில் கணினித் திரை ஒரு நீலத் துவாயால் மூடியிருந்தது. ஐயாவின் மனைவி மனோன்மணி அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு, அறைக்குள் வராமல் வாசலோடு நின்றார்.

“ஏன் அம்மா மூடி வைச்சிருக்கிறீங்க?” என்று கேட்டேன்.

“மற்றது பாக்காமலிருக்க” என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

அந்த வீட்டில் அதற்குப் பெயர் ‘மற்றது’. ஐயாவின் மருமகன், அவருடைய தங்கையின் மகன், இங்கே தங்கிப் படித்தவன். தன் படிப்புக்கென்று கணினியில் இரண்டாவது இயங்குதளம் ஒன்றை ஏற்றிவிட்டு வெளிநாடு போய்விட்டான். போனில் கேட்டதற்குச் சிரித்துக்கொண்டு, யாராவது தெரிந்தவரைக் கொண்டு கழற்றிவிடச் சொல்லியிருக்கிறான். ஐயாவுக்கு வேண்டியது முதலாவது மட்டும்தான். அதில்தான் அவருடைய சாத்திரக் கணக்கு இருக்கிறது.

நாங்கள் மூவரும் கதைத்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் வந்தது. மின்விசிறி மெல்லச் சுற்றத் தொடங்கியது. மேசைக்கடியில் ஒரு முனகல் கேட்டது. துவாய்க்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. ஒருவரும் அந்தப் பக்கம் கையைக்கூட நீட்டவில்லை.

“எழும்பிட்டுது” என்றார் மனோன்மணி அம்மா.

எனக்குக் காரணம் தெரியும், உங்களுக்கும் தெரியும். போன கரண்ட் திரும்பி வந்தால் தானாக எழும்பும்படி கணினியில் வைக்கலாம். எழும்பினால் பட்டியல் வரும். யாரும் எதையும் தெரிவுசெய்யாவிட்டால் சற்றுப் பொறுத்து முதல் வரியைத் திறக்கும். முதல் வரியில் மருமகன் தன்னுடையதைப் போட்டிருந்தான். அவ்வளவுதான் விஷயம். அதை அப்படியே அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“நீங்கள் சொல்லுறது விளங்குது தம்பி. ஆனா ஆளில்லாத அறையில அது எழும்பி ஆரைப் பாத்துக்கொண்டிருக்குது எண்டதுதான் எனக்கு விளங்கேல்ல.”

சிரிப்பதா என்று யோசித்தேன். சிரிப்பு வரவில்லை. துவாயை எடுத்தேன். மற்றது முழுதாகத் திறந்திருந்தது. அழிப்பதற்கு முன் உள்ளே யாருடைய பொருளாவது இருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம். ஒன்றுமில்லை. ஒரு படம் இல்லை, ஒரு கோப்பு இல்லை. குடிபோன வீட்டைக் கூட்டித் துடைத்து வைத்ததுபோல வெறும் சாம்பல் நிறத் திரை. மூலையில் நேரம் மட்டும் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. பின்னேரம் மூன்று மணி.

அதை நிறுத்திவிட்டு ஐயாவின் பக்கமான முதலாவதைத் திறந்தேன். அங்கே மூலையில் இருந்த நேரம் காலை ஒன்பதரை.

இந்தக் கோளாறு உங்களில் சிலருக்குப் பழக்கமாயிருக்கும். கணினியின் உள்ளே ஒரு மணிக்கூடு இருக்கிறது. மற்றது அந்த மணிக்கூட்டை லண்டன் நேரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு, எங்களுக்குக் காட்டும்போது ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் காட்டும். முதலாவதுக்கு அந்த ஏற்பாடு தெரியாது. உள்ளே இருப்பதுதான் இலங்கை நேரம் என்று நம்பி அப்படியே காட்டும். ஆகவே மற்றது எழும்பிப் போன ஒவ்வொரு தடவையும் முதலாவது ஐந்தரை மணி பின்னால் நிற்கும். வேறு வீடென்றால் யாராவது கவனிப்பார்கள். சாத்திரியாருக்குக் கண்ணாடி தடிப்பு, மூலையில் இருக்கிற எழுத்து சின்னது.

“ஐயா, உங்கட சாத்திரக் கணக்கு நேரத்தை எங்கயிருந்து எடுக்குது?”

“அது தானா எடுக்கும் தம்பி. நான் ஒரு பொத்தானைத் தட்டினாப் போதும்.”

“இண்டைக்கு விடியவும் கரண்ட் போய் வந்ததா?”

“ஓம். மற்றது எழும்பினது. நிப்பாட்டிப்போட்டு நான் என்ர பக்கத்தைத் திறந்தனான்.” சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். மனிதர் கெட்டிக்காரர், நான் மேலே எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கதிரையை இழுத்து உட்கார்ந்து, காலையில் போட்ட கணக்கைத் திறந்து, மூக்கு திரையில் முட்டுமளவுக்குக் குனிந்து பார்த்தார். காலை நாலரை என்று இருந்தது.

“பத்து மணிக்கு வந்து கேட்ட பிள்ளை” என்றார். “சூரியன் நிக்கிற வீட்டைப் பாத்தாலே எனக்குப் பிடிபட்டிருக்க வேணும். கையால கணக்குப் போட்ட காலத்தில இப்பிடி ஒரு பிழையை விட்டிருக்க மாட்டன். இப்ப கீழ என்ன எழுதியிருக்கு எண்டு மட்டும்தானே பாக்கிறன்.”

யார் வந்து என்ன கேட்டது என்று மனோன்மணி அம்மாதான் சொன்னார். இலங்கைத்துறையிலிருந்து பத்மா என்று ஒரு பெண். அவளுடைய கணவன் ரவி தனியாகப் படகில் போய் இரண்டு இரவு. திரும்பவில்லை. அறிவிக்க வேண்டிய இடங்களில் அறிவித்தாயிற்று. பார்ப்போம் என்றிருக்கிறார்கள், அவர்களுக்கும் எண்ணெய் தட்டுப்பாடு. பத்மாவின் தம்பி செல்வன் இருந்த எண்ணெயை ஊற்றிப் படகைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்திருக்கிறான். எங்கேயாவது ஒரு கலன் மண்ணெண்ணெய் கிடைத்தால் அதை வைத்து ஒரு பக்கம் தேடலாம். ஒரு பக்கம் மட்டும்தான். வெளிக்கடலுக்கா, தெற்கே கரையோரமாக வெருகலுக்கு அப்பாலா? அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறாள்.

“நான் தெற்கு எண்டு சொன்னனான்” என்றார் ஐயா. “ஆள் உயிரோட, கரையில, தெற்க எண்டு சொன்னனான்.”

அவர் காலை பத்து மணி என்று நேரத்தை மாற்றி வைத்துக் கணக்கைத் திரும்பப் போட்டார். நான் திரையைப் பார்க்கவில்லை, பார்த்தாலும் எனக்கு விளங்கப்போவதில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

“தம்பி, இது நல்லா இல்ல” என்றார் மெதுவாக. “இதில ஆள் இல்ல.”

அந்த நேரம் பார்த்துப் படலை திறக்கும் சத்தம் கேட்டது. பத்மாதான். பின்னால் செல்வன் ஒரு கலனைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். எண்ணெய் கிடைத்துவிட்டது. புறப்படுவதற்கு முன் ஐயாவின் கையால் திருநீறு வாங்க வந்திருந்தார்கள்.

ஐயா என் மணிக்கட்டைப் பிடித்தார். “இப்ப இதைச் சொல்லத்தான் வேணுமா? நீங்கள் அதைக் கழட்டிப்போட்டுப் போங்கோ. அதுகள் போகட்டும்.”

புதியவர்களே, எங்கள் தொழிலில் இப்படி ஓர் இடம் வரும். வீட்டுக்காரர் உங்களை அழைத்தது ஒரு வேலைக்கு. அந்த வேலைக்குள்ளே கை வைத்தபோது வேறொன்று உங்களுக்குத் தெரியவந்துவிடும். உங்களைக் கேட்காதவரை அது உங்கள் பாடில்லை என்று நினைக்கலாம், நானும் பல வீடுகளில் அப்படி நினைத்து வாயை மூடியிருக்கிறேன், அது சரியாகவும் இருந்திருக்கிறது. ஆனால் இங்கே ஒரு மனிதன் கடலில். ஒரு கலன் எண்ணெய். நான் நம்பாத ஒரு சாத்திரத்தில் ஒரு தவறு. பிழையான நேரத்தில் ஆள் உயிரோடு இருக்கிறான், சரியான நேரத்தில் இல்லை. சரியானதைச் சொன்னால் அந்தப் பெண் எண்ணெய்க் கலனை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் அழ வேண்டியதுதான்.

“ஐயா, எனக்குச் சாத்திரம் தெரியாது” என்றேன். “மணிக்கூடு பிழை எண்டது தெரியும். அது தெரிஞ்ச பிறகு மறைக்க ஏலாது. பலன் என்ன எண்டு நீங்க சொல்ல வேணாம். நேரம் பிழை, நான் சொன்னதை நம்பிப் போக வேணாம், எனக்குத் தெரியாது எண்டு மட்டும் சொல்லுங்க.”

பயந்தவர் என்று சொன்னேன் அல்லவா? அவர்தான் எழுந்து முன்னால் போனார். என்னைக் காட்டி, இவர் கண்டுபிடித்தார் என்றார். இந்தக் கணினிக்குள் இரண்டு இருக்கின்றன, மற்றது நேரத்தைக் குழப்பிவிட்டது, காலையில் சொன்னது வேறு நேரத்துக்கான பலன், அதை நம்ப வேண்டாம் என்றார். ஒன்றையும் விடாமல் சொன்னார். இன்றுவரை அவர்மீது எனக்கிருக்கும் மரியாதைக்கு அதுதான் காரணம்.

செல்வன் கலனைக் கீழே வைத்தான். “நான் அப்பவே சொன்னனான் அக்கா. கச்சான் காத்து கரையிலயிருந்து வெளிக்கடலுக்குத்தான் தள்ளும். தெற்க போறது வீண்.”

பத்மா அவனைப் பார்க்கவில்லை. “அப்ப சரியான நேரத்துக்குப் பாத்துச் சொல்லுங்கோ ஐயா.”

ஐயா திருநீற்றுத் தட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். மனோன்மணி அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கீழே பார்த்தேன். எங்கள் மூவருக்கும் பொய் சொல்லத் தெரியவில்லை, அந்தப் பெண்ணுக்கு அதுவே போதுமாயிருந்தது.

அவள் அழவில்லை. உள்ளே வந்து, கணினிக்கு முன்னால் நின்று, கொஞ்ச நேரம் அந்தத் திரையைப் பார்த்தாள்.

“பிழையான நேரத்தில அவர் உயிரோடதானே இருந்தவர்?”

“ஓம் பிள்ளை” என்றார் ஐயா.

“தெற்க?”

“ஓம்.”

“அப்ப நாங்க தெற்க போறம்.” தம்பியிடம் சொன்னாள். அவன் அவளைப் பார்த்தான். கலனை எடுத்துத் தோளில் வைத்தான்.

வாசலில் இறங்கியவள் திரும்பி என்னிடம் வந்து, எங்கள் ஆட்களை அண்ணன் முறையில் அழைக்கும் சொல்லால் அழைத்தாள். “நானா, மற்றதை அழிக்கத்தானே வந்தனீங்க?”

“ஓம் தங்கச்சி.”

“இப்ப அழிக்காதீங்க. நான் சொல்லியனுப்பும் வரைக்கும் இருக்கட்டும்.”

“அதில ஒண்டும் இல்ல தங்கச்சி. வெறும் திரை. பாத்தனான்.”

“அவர் உயிரோட இருக்கிறது அதுக்குள்ள மட்டும்தானே” என்றாள்.

அந்தக் கணினியைப் பற்றி நான் படித்ததெல்லாம் அந்த ஒரு வசனத்துக்கு முன்னால் நிற்கவில்லை. சரி என்றேன். படலை சாத்தும் சத்தம் கேட்டது.

வேலையை முடிக்காமல் வீட்டுக்குப் போகவும் மனமில்லை, தொடவும் கை வரவில்லை. ஐயாவும் போகச் சொல்லவில்லை. அவர் கதிரையில், நான் வாங்கில், அம்மா வாசலில். வெயில் சாயும் நேரம் கரண்ட் மறுபடியும் போனது. புழுக்கத்தில் இருந்தோம். மஃரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. அந்த வீட்டின் பின்பக்கமே ஒதுங்கித் தொழுதுவிட்டு வந்தேன். வந்து உட்காரவும் கரண்ட் வரவும் சரியாயிருந்தது. கணினி முனகி எழும்பியது. பட்டியல் வந்தது. ஒரு விசையைத் தட்டி ஐயாவின் பக்கத்தைத் திறந்திருக்கலாம். மூவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம், ஒருவரும் தட்டவில்லை. மற்றது திறந்தது. துவாய் கதிரையில் கிடந்தது, மூட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆளில்லாத அறையில் அது யாரைப் பார்க்கிறது என்று அம்மா கேட்டது எனக்கு நினைவு வந்தது. அன்றைக்கு அது எங்களைப் பார்த்தது, நாங்கள் அதைப் பார்த்தோம்.

அம்மா விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஐயா காதில் வைத்து, ஓம், ஓம் என்று மட்டும் சொன்னார். போனைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“கிடைச்சிட்டான்” என்றார் கைக்குள்ளிருந்து. “வெருகலுக்கு அங்கால, கரையில கிடந்தானாம். பேச்சு மூச்சில்லாமல். தண்ணி பருக்க முழிச்சவனாம். ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகினம்.”

அல்ஹம்துலில்லாஹ் என்றேன். மனோன்மணி அம்மா அழுதார். கொஞ்ச நேரத்தில் ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இனி அதை அழியுங்கோ தம்பி. இனி எனக்கு அதோட இருக்க ஏலாது” என்றார்.

“பொறுங்கோ” என்று அம்மா உள்ளே போனார். ஒரு செவ்வரத்தம்பூவோடு வந்தார். அத்தனை நாளும் அந்த அறைக்குள் கால் வைக்காதவர், வந்து திரைக்கு முன்னால் அதை வைத்துவிட்டு, “இப்ப அழியுங்கோ” என்றார். நான் வேறு மார்க்கம், சிரிக்கிற ஆள் என்றும் சொன்னேன். அவர் பூ வைத்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு எழும்பும் பட்டியலைச் சரிசெய்து, மற்றதை அழித்து, இடத்தை முதலாவதுக்குக் கொடுத்து, மணிக்கூட்டைத் திருத்தி, கரண்ட் வந்தால் தானாக எழும்பாதபடி செய்தேன். சுத்தமான வேலை. ஒரு தடயமும் விடவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் உங்களுக்கு ஒரு பாடம் சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பேன். ஒரு வீட்டில் அழிக்க வந்ததற்காக மட்டும் அழித்துவிடாதே, யாராவது அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களா என்று பார். தெரிந்ததைச் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல். இவை நல்ல பாடங்கள்தான், எடுத்துக்கொள்ளுங்கள்.

சில வாரங்களுக்குப் பிறகு ஐயா என்னைக் கூப்பிட்டனுப்பினார். ரவியும் பத்மாவும் ஒரு பார்சல் கருவாட்டோடு வந்திருந்தார்கள், எனக்கும் ஒரு பங்கு. ரவி மெலிந்திருந்தான், காலில் கட்டு. என்ன நடந்தது என்று சொன்னான். இயந்திரம் நின்று, காற்று வெளியே இழுத்துக்கொண்டு போனது. மறு இரவு பெரிய அலையில் படகு கவிழ்ந்தது. வெற்றுக் கலன் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தான். எந்த ஓட்டம் எப்படித் திருப்பியது என்று அவனுக்கும் தெரியாது.

“காலில மண் பட்ட நேரம் இருட்டு” என்றான். “தூரத்தில ஒரு கோயில் மணி கேட்டது. விடியப் பூசை மணி. அப்பாடா, கரை எண்டு நினைச்சனான். பிறகு நடக்க ஏலாமல் ஒரு செடிப் பத்தையடியில கிடந்தனான். வெயில் ஏற ஏற எனக்கு விளங்கிட்டுது, இனி இல்ல எண்டு. பிள்ளையின்ர பேரைச் சொல்லிப்போட்டுக் கண்ணை மூடினன். பத்து மணிபோல இருக்கும். பிறகு செல்வன் தண்ணி பருக்கினதுதான் தெரியும்.”

ஐயா என்னைப் பார்த்தார். நான் ஐயாவைப் பார்த்தேன். நாலரை மணிக்கு நான் சுபஹுத் தொழுகைக்கு எழும்புகிறவன், அந்த நேரத்துக் கோயில் மணி எங்கள் ஊரிலும் கேட்கும். நாலரைக்கு ஆள் உயிரோடு, கரையில், தெற்கே. பத்துக்கு ஆள் இல்லை. இரண்டு கணக்கும் சரி.

தற்செயல் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன், ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். ஐயா அதற்குப் பிறகு யாருக்கும் சாத்திரம் பார்த்ததில்லை. வந்தவர்களிடம் கணினி பழுது என்பார்.

புறப்படும்போது பத்மா கணினிக்குப் பக்கத்தில் நின்று, மூலையிலிருந்த நேரத்தைக் குனிந்து பார்த்தாள்.

“இப்ப இது சரியான நேரமா நானா?”

“சரியான நேரம் தங்கச்சி.”

“அப்ப அந்த மற்ற நேரம் எங்க போனது?”

இத்தனை வருடத் தொழிலில் என்னை மடக்கிய கேள்விகள் எத்தனையோ. வீட்டுக்குப் போய் யோசித்து, அடுத்த நாளாவது ஒரு பதிலைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். இதற்கு இன்னும் கொடுக்கவில்லை. சுபஹுக்கு எழும்புகிற ஒவ்வொரு நாளும், முதல் வேலையாக, நாலரைதானா என்று என் கை மணிக்கூட்டைப் பார்க்கிறேன்.